கனவில் வருவது சேதியா, வெறும் சத்தமா?

காங்கேயம் காளை:
வீட்டில் ஒரே வாக்குவாதம். கனவு என்பது மூளை தள்ளும் குப்பை என்கிறான் கல்லூரி போகிற தம்பி. அப்படியென்றால் எங்கள் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி எதற்கு? வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பக்தர் யாராவது ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலுக்கு வந்து சொன்னதும் சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். இன்னொருவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அதுதான் அங்கே இருக்கும். தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குப்பையில் இருந்து இது வருமா?

விசைத்தறி:
தம்பி சொல்வது ஹாப்சன், மெக்கார்லி என்ற ஹார்வர்டு மனநல மருத்துவர்கள் 1977-இல் சொன்ன கருத்துங்க. கண் படபடவென்று உருளும் ரெம் தூக்கத்தில் மூளைத்தண்டில் இருந்து தாறுமாறாகத் துடிப்புகள் கிளம்புகின்றன, மேல்மூளை அதற்கு ஒரு கதை கட்டுகிறது. அவ்வளவுதான்.

பெட்டிக்கு வருகிறேன். தண்ணீர் வைத்த பிறகு வெள்ளம் வந்தாலும் பலித்தது, வறட்சி வந்தாலும் பலித்தது. மஞ்சள் வைத்தால் விலை ஏறினாலும் பலித்தது, இறங்கினாலும் பலித்தது. எப்படி விழுந்தாலும் ஜெயிக்கிற கணக்கை யார் தப்பென்று காட்ட முடியும்? வைத்து ஒன்றும் நடக்காத பொருட்களின் பட்டியலை யாராவது வைத்திருக்கிறீர்களா?

ராத்திரி டியூட்டி:
விசைத்தறி அண்ணா, நீங்களும் 1977-லேயே நின்றுவிடாதீங்க. நான் ஈரோட்டில் நர்ஸ். மார்க் சோல்ம்ஸ் என்ற ஆய்வாளர் மூளையில் அடிபட்டவர்களைக் கவனித்துப் பார்த்தார். முன்மூளையில் சில இடங்கள் கெட்டுப்போனவர்களுக்குக் கனவு நின்றுபோகிறது, ஆனால் ரெம் தூக்கம் வழக்கம்போல வருகிறது. அந்த இடங்களில் ஒன்று ஆசை, தேடல் சம்பந்தப்பட்டது. ரெம் இல்லாத நேரத்திலும் கனவு வருகிறது. அப்படியிருக்க, மூளைத்தண்டின் சத்தம் மட்டுமே கனவு என்பது நிற்காது.

மஞ்சமண்டி:
நடுவில் ஒரு சந்தேகம். விடியற்காலையில் முழிப்பு வருகிறது, ஆனால் கை கால் அசைவதில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. அமுக்குவான் என்று ஆத்தா தலைமாட்டில் அரிவாள் வைக்கச் சொல்கிறார்.

ராத்திரி டியூட்டி:
அண்ணா, ரெம் நேரத்தில் கனவில் ஓடுவதை நிஜமாக ஓடிவிடக் கூடாதென்று மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழும் முன்னே விழிப்பு வந்துவிட்டால் அமுக்குவான்தான். விடியற்காலையில் ரெம் நீளமாக வரும் என்பதால் அந்த நேரத்தில் பார்க்கிறீர்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்க, அரிவாளை எடுத்து வெளியே வைங்க. தூக்கத்தில் கை பட்டால் அதுதான் ஆபத்து. அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்க.

காங்கேயம் காளை:
எங்கள் அப்பாரு கதைக்குப் பதில் சொல்லுங்க. கிணற்று மோட்டார் புகைகிற மாதிரி கனவு கண்டு, விடியும் முன்னே டார்ச்சோடு தோட்டத்துக்குப் போனார். பேரிங் தேய்ந்து, தொட்டால் கை சுடுகிற நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. யார் சொன்னது அவருக்கு?

விசைத்தறி:
அவர் காதுதான் சொன்னதுங்க. தினமும் அந்த மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற மனுசன். சத்தம் மாறியது பகலிலேயே காதில் விழுந்திருக்கும், வேலை மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டார். சோமனூரில் தறி ஓட்டும் என் பங்காளி தூக்கத்தில் விரலை முறுக்குவான், அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற அதே அசைவு. பகல் வேலை ராத்திரியும் ஓடுகிறது.

காங்கேயம் காளை:
அப்போ கனவு சேதி சொல்கிறது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்!

விசைத்தறி:
தெரிந்த சேதியைச் சொல்கிறது. நாளைக்கு நடக்கப்போவதை இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஊர் தூரம் இருக்கிறது.

ராத்திரி டியூட்டி:
இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2000-இல் ஸ்டிக்கோல்டு என்ற தூக்க ஆய்வாளரின் குழு, புது நினைவு நிற்காத நோயாளிகளை டெட்ரிஸ் விளையாட வைத்தது, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. விளையாடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கண் அயரும்போது கட்டைகள் விழுகிற காட்சி வந்தது. ஞாபகமில்லை என்று வாய் சொன்னாலும், மூளை எங்கேயோ வைத்திருக்கிறது. அப்பாருவின் மோட்டாரும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாக் கனவும் இப்படி என்று சொல்ல மாட்டேன், பல் விழுகிற கனவுக்கெல்லாம் என்னிடம் பதில் கிடையாது.

காங்கேயம் காளை:
சரி, அப்பாருவுக்குக் காது. பெட்டிக்கு? முன்பின் தெரியாத பக்தர் ஒரு கனவைச் சொல்கிறார், பூப்போட்டுக் கேட்டால் உத்தரவு கிடைக்கிறது. அதையும் காது கேட்டதா?

விசைத்தறி:
பூ விழுவது தூக்கத்தில் சேராதுங்க. அதற்குத் தனி இழை ஆரம்பிங்க, வந்து சண்டை போடுகிறேன்.