போர்ட்: ‘படலை’ வேண்டாம், ‘இறங்குதுறை’ என்போம்

வணக்கம்.

வலையமைப்பில் வரும் தரவு கணினியின் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்தான் ‘போர்ட்’ (port). அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பேசிவருகிறோம். தம்பி முன்வைத்த ‘படலை’ (வேலி வாசற்கதவு) நம்மூர்ச் சொல், கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. படலை வேலியோடு சேர்ந்தது. போர்ட் தீச்சுவரோடு (ஃபயர்வால், எந்த இணைப்பை விடுவது என்று பார்க்கும் காவல்) சேர்ந்ததல்ல. தீச்சுவரையே நிறுத்திவிட்டாலும் 0 முதல் 65535 வரையான எண்கள் சேவையகத்தில் இருக்கும். தீச்சுவர் அனுமதித்தும் அந்த எண்ணில் எந்த நிரலும் காத்திருக்காவிட்டால் இணைப்புக் கிடைக்காது. ‘படலையைத் திற’ என்று எழுதினால், படிப்பவர் தீச்சுவரோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்.

‘துறை’ பொருந்துகிறது. ஆனால் கொழும்பில் துறை என்றதும் சுகாதாரத்துறை, கல்வித்துறைதான் நினைவுக்கு வரும். ஆகவே என் பரிந்துரை: இறங்குதுறை. குறிகட்டுவான் இறங்குதுறை என்று நம் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல். பொதி (பாக்கெட், வலையில் போகும் தரவுத் துண்டு) போய்ச்சேரும் எண் இறங்குதுறை, கிளம்பும் எண் புறப்படுதுறை. புறப்படுதுறையைப் பெரும்பாலும் இயக்குதளமே அவ்வப்போது தெரிவுசெய்யும். தீச்சுவர் விதியில் நாம் எழுதவேண்டியது இறங்குதுறையை. கேபிள் செருகும் போர்ட்டுக்கு இது பொருந்தாது, ‘செருகுவாய்’ போதும்.

வெள்ளவத்தையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பேஸ்மேக்கர், கோரோசிங்க் என்ற மென்பொருள்களைக் கொண்டு இரண்டு கணுக்களை (சேவையகங்களை) ஒன்றாக இயங்கும் கொத்தணியாக்கினார்கள் (கிளஸ்டர்). கொத்தணியை நிர்வகிக்கும் பிசிஎஸ்டி நிரல், டிசிபி என்ற அனுப்பும் முறையில் 2224ஆம் எண்ணில் சிக்கலின்றிப் பேசியது. கொத்தணியைத் தொடக்கியதும் ஒவ்வொரு கணுவும் மற்றதை ‘ஆஃப்லைன்’ என்றது. கையிலிருந்த குறிப்பில் ‘துறை 5405ஐத் திறக்கவும்’ என்று மட்டுமே இருந்தது, டிசிபியில் திறந்திருந்தார்கள். கோரோசிங்க் பேசுவதோ யூடிபி என்ற வேறொரு அனுப்பும் முறையில். இது சின்ன விஷயமல்ல: ஒன்றையொன்று செத்துவிட்டதாக நம்பும் கணுக்கள் இரண்டும் ஒரே தரவில் எழுதத் தொடங்கினால் தரவே பாழ். எனவே விதியை முழுதாக எழுதுவோம்: ‘யூடிபி இறங்குதுறை 5405ஐ எல்லாக் கணுக்களிலும் அனுமதிக்கவும்.’ ‘திற’ என்பதைக் கைவிடலாம். தீச்சுவர் செய்வது அனுமதிப்பது, காத்திருப்பது நிரல்.

‘கொத்தணி’ 2020இல் கொரோனாச் செய்திகளில் அடிபட்ட சொல் என்று அக்கா தயங்கியிருந்தார். எனக்குத் தயக்கமில்லை. மினுவாங்கொடைக் கொத்தணி என்று நாளேடுகள் எழுதியதால்தான் அதன் பொருள் இன்று எல்லோருக்கும் தெரியும்.

தீச்சுவரா தீயரணா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘புறப்படுதுறை’ நீளம் என்று நினைப்பவர்கள், மாற்றுச்சொல்லை ஒரு விதியில் வைத்து முழுவாக்கியமாக எழுதி அனுப்புங்கள்.