மாடிசன் பில்லில் வெளிமாநிலக் கட்டணம் வந்திருக்கிறது, சலுகையை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி (செயின்ட் பால் வாசி):
வீடு மின்னசோட்டாவில். மகளுக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் இளநிலை இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கும் கட்டண ஒப்பந்தம் உண்டு என்கிறார்கள், ஆனால் பில்லில் முழு வெளிமாநிலத் தொகைதான் இருக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் முகவரி சரி, ஃபாஃப்சாவும் (மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம்) போட்டாயிற்று. எங்கே விட்டுப்போனது?

பதில் (கட்டணக் கணக்கு):
முகவரியும் ஃபாஃப்சாவும் இதற்குப் போதாதுங்க. இந்தச் சலுகைக்குத் தனி விண்ணப்பம் உண்டு. அதையும் மாடிசனிடம் கொடுப்பதில்லை, மின்னசோட்டா உயர்கல்வி அலுவலகத்தின் இணையதளத்தில் போட வேண்டும். (விஸ்கான்சின் பிள்ளைகள் மின்னசோட்டாவுக்கு வந்தால், அவர்கள் தங்கள் மாநிலத்தின் உயர்கல்வி உதவி வாரியத்தில் போடுவார்கள்.) அலுவலகம் ஒப்புதல் தந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்த பிறகுதான் பில் மாறும்.

இன்றே போட்டுவிடுங்கள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றும் பல்கலைக்கழகப் பதிவில் இருப்பதுபோலவே இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயராகவும் இன்னோரிடத்தில் நடுப்பெயராகவும் ஏறிவிடும், அப்போது இரண்டு பதிவும் ஒன்றோடொன்று சேராமல் நின்றுபோகும். வளாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் என்ற பெயரில் பல ஊர்களில் வளாகங்கள் இருக்கின்றன.

கெடு, அந்தப் பருவத்தின் கடைசி வகுப்பு நாள். அதைத் தாண்டினால் முடிந்துபோன பருவத்துக்குச் சலுகை கிடைக்காது. அதற்குள் பில் கட்டும் தேதி வந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். விண்ணப்ப உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு பர்சார் அலுவலகத்தை (பல்கலைக்கழகத்தில் கட்டணம் வசூலிக்கும் அலுவலகம்) கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒப்புதல் வந்ததும் விஸ்கான்சின் பிள்ளைகள் கட்டும் அதே தொகைதானா?

பதில் (கட்டணக் கணக்கு):
இல்லை. மின்னசோட்டா மாணவர்களுக்கென்று தனி விகிதம் உண்டு. சொந்த மாநிலத்தில் அதே தரத்திலுள்ள வளாகத்தில் கட்டுவதை ஒட்டியே அது இருக்கும். மாடிசனுக்கு இணை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ட்வின் சிட்டீஸ் வளாகம், அதனால் அந்தக் கட்டணத்தைப் பார்த்துப் பட்ஜெட் போடுங்கள். சலுகை டியூஷனுக்கு மட்டும்தான். விடுதி, சாப்பாடு, விஸ்கான்சினில் எல்லா மாணவர்களும் மாணவர் சேவைகளுக்காகக் கட்டும் செக்ரிகேட்டட் கட்டணம் எதுவும் குறையாது.

அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படும், ஆனால் முந்தைய கல்வியாண்டில் கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். ஓராண்டு இடைவெளி விட்டால் மறுபடி விண்ணப்பம். பிற்பாடு மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்று போனால் இந்த ஒப்பந்தம் கைகொடுக்காது.

பதில் (விசா பார்வை):
பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருந்தால் 21 வயதில் அது முடிந்துவிடும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள். படிப்பின் நடுவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறும்போது, குடியிருப்புத் தகுதி நீடிக்குமா என்று உயர்கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்ட பதிலை மட்டும் நம்பி நான்கு ஆண்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

இடையில் ஒரு கேள்வி (சான் ஹோசே):
கலிபோர்னியாவிலிருந்து நெவாடா போனாலும் இதே முறையா?

பதில் (கட்டணக் கணக்கு):
அது வேறு ஏற்பாடு. மேற்கு மாநிலங்களுக்கு வூயி (WUE) என்ற கட்டணச் சலுகைத் திட்டம். அதில் சேர்ந்த கல்லூரி, உள்மாநிலக் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் வாங்காது. உள்ளூர்க் கட்டணம் 9,000 டாலர் என்றால் உச்சம் 13,500. ரீனோவிலுள்ள நெவாடா பல்கலைக்கழகம் இதில் இருக்கிறது, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இல்லை. மாநில அலுவலகத்துக்குப் போக வேண்டாம், கல்லூரியிடமே கேட்க வேண்டும். சில கல்லூரிகள் தானாகவே தரும், சில மதிப்பெண் வரம்பு வைக்கும், சிலவற்றில் குறிப்பிட்ட பாடப்பிரிவுகளுக்குக் கிடையாது.

சேருவதற்கு முன்பே கேளுங்கள். முழு வெளிமாநிலக் கட்டணத்தில் சேர்ந்துவிட்டால் பல கல்லூரிகள் பிறகு மாற்றித் தருவதில்லை.

கேள்வி கேட்டவர்:
விண்ணப்பம் போட்டுவிட்டேன். மகளின் நடுப்பெயர் நீங்கள் சொன்னதுபோலவே இரண்டு பதிவிலும் வேறாக இருந்தது, திருத்தியாயிற்று. பர்சாருக்கும் எழுதியிருக்கிறேன். ரொம்ப நன்றிங்க.