மோரக்: உருளையா, பரம்பா?

> 'போரடி உருளை' என்றே வைத்துவிடலாமே, தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது.

மாடு இழுக்க, கதிரிலிருந்து மணியைப் பிரிக்கும் 'மோரக்' என்ற கருவிக்குத் தமிழ்ப்பெயர் தேடும்போது வந்த யோசனை இது. இருக்கிறது ஐயா. ஆனால் அங்கே உருளை மட்டும் இல்லை. மோரக் என்ற எபிரேயச் சொல் வேதாகமத்தில் வருவதே மூன்று இடங்களில்தான்: 2 சாமுவேல் 24:22, 1 நாளாகமம் 21:23, ஏசாயா 41:15. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சாமுவேலில் 'உருளை' என்கிறது, ஏசாயாவுக்கு வந்ததும் 'யந்திரம்' என்கிறது. இதே வகைக் கருவியைக் குறிக்கும் ஹாரூத்ஸ் என்ற சொல் ஏசாயா 28:27இல் 'தூலம்' ஆகிவிட்டது. (அதே வசனத்தில் கருஞ்சீரகம் உளுந்தானது தனிக்கதை.)

உருளையை நான் ஏற்காததற்குக் காரணம், மோரக் உருளுவதில்லை, இழுபடுகிறது. கனத்த பலகைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து அடித்திருப்பார்கள். முன்பக்கம் வளைந்து மேலே தூக்கியிருக்கும். அடிப்பக்கம் முழுக்கக் குழி தோண்டி, சிக்கிமுக்கிக் கல் சில்லுகளையோ இரும்புப் பற்களையோ இறுக்கியிருப்பார்கள். களத்தில் கதிரைப் பரப்பி, மாடு பூட்டி, ஆள் மேலே ஏறி நின்று சுற்றிச் சுற்றி ஓட்டுவார். துருக்கியிலும் ஸ்பெயினிலும் இது 20ஆம் நூற்றாண்டிலும் ஓடியது. எருசலேமில் களத்துச் சொந்தக்காரன் அரவ்னா தாவீது அரசனிடம் மாடுகளைப் பலிக்காகவும், மோரக்குகளை விறகுக்காகவும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். அப்படியென்றால் மரச்சாமான்தான்.

இன்னொன்று, இது மணியை உதிர்ப்பதோடு நிற்காது, தாளையும் துண்டு துண்டாக அறுக்கும். அங்கே விளைவது கோதுமையும் வாற்கோதுமையும். அறுபட்ட தாள் மாட்டுக்குத் தீவனம், செங்கல் மண்ணில் பிசையவும் ஆகும். நெல் விளையும் நம் பக்கம் தாள் முழுசாக வேண்டும், இல்லாவிட்டால் வைக்கோல் போர் எப்படிப் போடுவது? கையால் அடித்தோம், மிச்சத்துக்கு மாட்டைப் பிணைத்து மிதிக்கவிட்டோம். அதனால் நேர்ச்சொல் கிடைக்காததில் வியப்பில்லை. 'அடி' சேர்ந்த சொற்களும் வேண்டாம் என்பேன், இந்தக் கருவி எதையும் அடிப்பதில்லை.

என் பரிந்துரை 'களப்பரம்பு'. நடவுக்கு முன் சேற்றைச் சமன் செய்யப் பரம்புப் பலகையில் ஏறி நின்று மாட்டை ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மோரக்கின் உருவம் உடனே பிடிபடும். பரம்பின் அடிப்பக்கம் வழவழப்பு, இதற்குப் பல் உண்டே என்றால், சரிதான். ஆனால் 'பற்பலகை' என்று வைத்தால் 'பற்பல கை' என்று வாசித்துத் தொலைப்பார்கள். 'கற்பல் பரம்பு' என்றால் இரும்புப் பல் விடுபடும்.

பல்லைப் பெயரில் திணிக்காமல் விளக்கத்தில் சொல்லலாம். ஏசாயா இந்தப் பற்களைச் சொல்வதும் 'பிஃபியோத்' என்றுதான், வாய் என்று பொருள்படும் 'பே'யிலிருந்து வருவது. கூர்முனையை 'வாய்' என்பது நமக்கும் வழக்கம்தானே, கத்தியின் வாய் மழுங்கிவிட்டது என்கிறோம். பதிவு இப்படி இருக்கலாம்:

களப்பரம்பு: அடியில் கல் அல்லது இரும்புக் கூர்வாய்கள் பதித்து, களத்தில் பரப்பிய கதிர்மேல் மாடு பூட்டி இழுக்கும் பலகை.

'சூட்டுப்பரம்பு' என்று யாராவது கேட்டாலும் எனக்கு மறுப்பில்லை. கதிரடிப்பதைக் குறிக்கும் சூடடித்தல் இலங்கையில் இன்றும் புழங்கும் சொல். உருளையை மட்டும் விட்டுவிடுவோம்.