நாய்க்கு லிவர்ல சீழ் கட்டியாம், அவசரம்

ராக்கிஅம்மா:
எங்க பையனுக்கு காய்ச்சல் விட்டு விட்டு வருது, தட்டு கிட்டயே போகல, உண்ணி காய்ச்சல்னு டாக்ஸிசைக்ளின் குடுத்தாங்க கேக்கல, இப்ப ஸ்கேன் பாத்துட்டு லிவர்ல சீழ் கட்டி மாதிரி இருக்குங்கிறாங்க. ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

வேளச்சேரி மணி:
வயசு என்ன, என்ன ப்ரீட், கட்டி ஒண்ணா பலதா, சுகர் இருக்கா?

பைரவன்:
எர்லிச்சியாவா (உண்ணி பரப்புற ரத்தக் கிருமி) தான் இருக்கும். சென்னைல நிறைய நாய்க்கு அதான். ப்ளேட்லெட் எவ்ளோ?

சீனியர்77:
ரிப்போர்ட் போடாம கேள்வி கேட்டா யாரு என்ன சொல்ல முடியும். வெள்ளை அணு எவ்ளோ, ஏஎல்பி (லிவர் என்சைம்) எவ்ளோனு தெரியாம வைத்தியம் கேக்குறத முதல்ல நிறுத்துங்க.

ராக்கிஅம்மா:
லேப்ரடார், 9 வயசு. சுகர் இல்ல. ஒரே கட்டி தான் 4 செ.மீ. வெள்ளை அணு 38,000. முன்னங்கால தரையில வச்சு பின்பக்கத்த தூக்கிட்டே நிக்கிறான். அரிப்புக்கு ரொம்ப நாளா பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு போகுது

கோவை தமிழ்:
கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுங்க, எங்க தாத்தா மாட்டுக்கே அதான் குடுப்பாரு

பைரவன்:
சீழுக்கு கீழாநெல்லியா? ஒரு உசுரு விஷயங்க

கோவை தமிழ்:
மஞ்சக்காமாலைக்கு குடுக்கறாங்களே, அதுவும் லிவர் தானே

பைரவன்:
லிவர்ல வர்றதெல்லாம் ஒரே நோயா? சீழுக்குள்ள கிருமி இருக்குங்க.

நிலா வெட்:
சண்டைய விடுங்க. ராக்கிஅம்மா, அவன் அப்படி நிக்கிறது வயித்து வலிக்கு. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்திய குறைக்கும், அதனாலயும் இது வந்திருக்கலாம், ஆனா நீங்களா சட்டுனு நிறுத்தக் கூடாது. ஸ்கேன்ல கருப்பா தெரியுறது சீழா கேன்சரானு படத்த மட்டும் வச்சு சொல்ல முடியாது, ஸ்கேன் பாத்துக்கிட்டே ஊசி விட்டு எடுத்து செல் பாக்கணும், கல்ச்சருக்கும் (என்ன கிருமினு வளத்துப் பாக்குற டெஸ்ட்) அனுப்பணும், காத்தில்லாம வளர்ற கிருமிக்கும் சேத்து கேளுங்க. அதுக்கு முன்னாடி ப்ளேட்லெட்டும் ரத்தம் உறையுற டெஸ்டும் அவசியம். ஒத்த கட்டினா ஊசியிலயே சீழ வடிச்சிட்டு ஆன்டிபயாட்டிக்ல சமாளிக்கிறதும் உண்டு, 6-8 வாரமாச்சும் ஓடும், நடுவுல ஸ்கேன் பாக்கணும். உடைஞ்சு வயித்துக்குள்ள பரவுனாலோ வடிச்சும் திரும்ப நிறைஞ்சாலோ ஆபரேஷன் தான், அந்த லிவர் மடலையே எடுப்பாங்க. வயிறு உப்பி, ஈறு வெளுத்து, துவண்டு படுத்தா ராத்திரினு பாக்காம தூக்கிட்டு ஓடுங்க. காய்ச்சலுக்கு வீட்ல இருக்க பாராசிட்டமால் குடுத்துடாதீங்க.

வேளச்சேரி மணி:
பக்கத்துல வசதி இல்லனா வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போங்க, காலைலயே போயிடுங்க கூட்டமா இருக்கும்.

சீனியர்77:
ஆபரேஷனே சேஃப். வடிச்சா திரும்ப வரும்.

நிலா வெட்:
எல்லாத்துக்கும் வராது. 9 வயசுல, இந்த காய்ச்சலோட மயக்க மருந்து தாங்குமாங்கிறதையும் பாக்கணும்.

ராக்கிஅம்மா:
வடிச்சாங்க. பழுப்பா கெட்டியா நாத்தமா வந்துச்சு, கேன்சர் செல் இல்ல, கல்ச்சர்ல ஈ.கோலை கிருமி. இன்னிக்கு கோழி சூப் நக்குனான். நிலா மேடம் ரொம்ப நன்றி

பைரவன்:
எந்த ஆன்டிபயாட்டிக் போட்டாங்க? ப்ளேட்லெட் என்னாச்சு?