30 பவுண்ட் டிக்கெட்டா, மாலை ஆராதனையா?

ஊர்சுற்றி:
லண்டன் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அங்குள்ள புகழ்பெற்ற பழைய தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைச் சுற்றிப் பார்க்கப் பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 பவுண்ட். ஆனால் பெரும்பாலான வார நாட்களில் மாலை 5 மணிக்கு ‘ஈவன்சாங்’ என்கிற, பாடகர் குழு பாடும் மாலை ஆராதனை நடக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. கொஞ்சம் முன்னாடியே வரிசையில் நின்றால் உள்ளே விடுவார்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்?

நெல்லைச்சீமை:
கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இது உறுத்துகிறது. யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் பந்தியில் உட்காருகிற மாதிரி இருக்கிறது. அந்த அபேக்கு அரசாங்கமோ அரண்மனையோ திருச்சபையோ வழக்கமாகப் பணம் கொடுப்பதில்லை. கட்டடத்தைப் பராமரிப்பது பெரும்பாலும் டிக்கெட் காசில்தான். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்தவள் நான். ஜெப நேரத்தில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஜெபமே ஓடாது.

மயிலைவாசி:
அக்கா, நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் போனேன், மறுபடியும் போவேன். எல்லோரும் வரலாம் என்று அவர்களே அறிவிக்கும்போது இதில் என்ன திருட்டுத்தனம்?

ஈவன்சாங்கின் அமைப்பையும் பாருங்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், துறவிகளின் மாலை ஜெபம், இரவு ஜெபம் இரண்டையும் இணைத்து உருவாக்கியது அது. பைபிளில் வரும் சங்கீதப் பாடல்கள், மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு எல்லாவற்றையும் பாடகர் குழுவே பாடிவிடும். அவர்கள் சொன்னபோது நாம் எழுந்து, சொன்னபோது உட்கார்ந்தால் போதும். நற்கருணை (அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பது) கிடையாது, அதனால் ‘வாங்கப் போகலாமா, கூடாதா’ என்ற தர்மசங்கடமும் இல்லை. ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்று எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது மட்டும் நான் எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டேன். நம்பாததை நம்புகிறேன் என்று சொல்வதைவிட அதுதான் மரியாதை.

நெல்லைச்சீமை:
தம்பி, நீங்கள் பாட்டைக் கேட்கப் போனீர்கள். அவர் டிக்கெட்டை மிச்சம் பிடிக்கப் போனார். இரண்டும் ஒன்றா? அந்தக் குழு பாடுவது நமக்காக இல்லை. பார்க்க ஒருவர்கூட வராவிட்டாலும் அந்த ஜெபம் நடக்கும்.

ஊர்சுற்றி:
மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று வாசலில் யாரும் கேட்கவில்லையே!

டொராண்டோ_வாசகன்:
கேட்காததால்தான் சில இடங்களில் நிலைமை முற்றிவிட்டது. நியூயார்க் ஹார்லெமில் அபிசீனியன் பேப்டிஸ்ட் சர்ச் இருக்கிறது. வெள்ளையர்களின் சபையில் தங்களைத் தனியாக உட்காரவைத்ததால் வெளியேறிய கறுப்பின மக்கள் 1808இல் தொடங்கிய சபை. இன்று ஞாயிற்றுக்கிழமை காஸ்பல் பாட்டு (கறுப்பினச் சபைகளின் பக்திப் பாடல்) கேட்க வெளிநாட்டுக்காரர்கள் வரிசை கட்டுகிறார்கள். அரைக்கால் சட்டை போடாதே, படம் எடுக்காதே, பாதியில் எழுந்து போகாதே என்றெல்லாம் விதி போட வேண்டியதாகிவிட்டது. அந்த ஊர் சபைகள் பலவற்றில் நடப்பதைச் சொல்கிறேன்: பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் எழுந்து நடையைக் கட்டும். பிரசங்கம்தான் அவர்களுக்கு உயிர், பாட்டு அதற்குத் துணை. ஈவன்சாங் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், ஹார்லெமில் அப்படி முடியாது. முழுக்க உட்கார முடியாதவர் போகவே வேண்டாம் என்பேன்.

மயிலைவாசி:
இதை முழுசா ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா சொல்கிற ‘பக்தி இருந்தால் மட்டும் வா’ என்பதை ஏற்க முடியாது. அப்படிப் பார்த்தால் பிறந்து வளர்ந்த சபையிலேயே பாதிப் பேரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

நெல்லைச்சீமை:
அது வேறு கதை, அதைக் கிளறாதீர்கள் 😄 பக்தி கேட்கவில்லை. கவனமாவது வேண்டும். முடியும்போது காணிக்கைத் தட்டில் ஏதாவது போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஊர்சுற்றி:
சரி, போட்டிருக்கலாம்தான். ஆனால் ஆராதனை முடிந்ததும் எங்களை நேராக வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். நியூட்டன் கல்லறை, முடிசூட்டு நாற்காலி எதையும் நின்று பார்க்கவிடவில்லை.

மயிலைவாசி:
அதற்குத்தான் அந்த 30 பவுண்ட், அண்ணே.