தண்டையார்பேட்டை, 1983 கட்டடம்: இடிப்பதா, பழுது பார்ப்பதா?

எங்கள் அடுக்குமாடியில் 12 வீடு, தரைதளமும் இரண்டு மாடியும். கடல் பக்கம்தான், உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிட்டது. படிக்கட்டை ஒட்டிய மூன்று தூணிலும் நெடுக்காக விரிசல், கம்பி துருப்பிடித்து உப்பி வெளியே தெரிகிறது. போன ஐப்பசி மழையில் இரண்டாம் மாடி அம்மா அடுப்படியில் நிற்கும்போதே சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஒரு அடி தள்ளி நின்றார், பிழைத்தார். இன்னும் எனக்கு அந்தச் சத்தம் காதில் நிற்கிறது.

பூச்சு வேலை இரண்டு தடவை ஆச்சு. 2019இல் மொட்டைமாடிக்கு வாட்டர்புரூஃபிங் போட்டோம். ஒழுகல் நின்றது, விரிசல் நிற்கவில்லை. வந்த இன்ஜினியர்களில் ஒருவர் சுத்தியல் சோதனை (கான்கிரீட்டில் கருவியால் தட்டிப் பார்ப்பது) மட்டும் செய்து, தூணுக்கு ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும்) போட்டால் பத்து வருஷம் தாங்கும் என்கிறார். இன்னொருவர் பார்த்ததுமே இடித்துவிடச் சொல்கிறார்.

2022 அடுக்குமாடிச் சட்டப்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். ஏழு வீடு சரி என்கிறது. மற்றவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடு சரிந்தது நமக்குத் தெரியும், தள்ளிப்போட மனசில்லை.

சுத்தியல் சோதனை மேல்பரப்பைத்தான் காட்டும். தூணில் கோர் (வலிமை பார்க்கத் துளைத்தெடுக்கும் கான்கிரீட் துண்டு) எடுத்து, கம்பித் துருவுக்கு ஹாஃப்-செல் சோதனையும் (மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கணிப்பது) செய்தால், இடிப்பதா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியுமா?