நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் உண்மையில் பயன்படும் பயிற்சிகள் எவை? (வேலூர் மாவட்டம்)

கேள்வி: குடியாத்தம் ஒன்றியத் தலைமையாசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் இந்தக் கல்வியாண்டில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றுள்ளேன். எங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் முந்தைய நாள் மாலை செய்தி வருகிறது. மறுநாள் இரண்டு பேர் பயிற்சிக்குச் செல்ல, மீதமிருப்பவர்கள் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சமாளிக்கிறோம். சென்று வந்தவர்களிடம் என்ன கற்றீர்கள் என்று கேட்டால், திரையில் காட்டியதைப் பார்த்தோம், வருகைப் பதிவு செய்தோம் என்பதற்கு மேல் பதில் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கும் ஆங்கில வாசிப்பும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு உண்மையில் உதவும் வாய்ப்புகள் நம் பகுதியில் எவை? பள்ளி மேலாண்மைக் குழு, பள்ளி வளர்ச்சித் திட்டம், வரவு செலவு, என்னைவிடப் பணியில் மூத்த ஆசிரியர்களை வழிநடத்துவது ஆகியவற்றை நான் கற்றுக்கொள்ள எங்கே செல்லலாம்? கட்டணம் செலுத்தினால் ஒரே வாரத்தில் சான்றிதழ் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில் 1: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ராணிப்பேட்டை

அம்மா, தாங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாக்கப்பட்டபோது, பயிற்சி மேலிருந்து கீழே இறங்கி வருவதாக மட்டும் இல்லாமல், மாவட்டத்துப் பள்ளிகளின் தேவையிலிருந்து எழ வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. நடைமுறையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தயாரித்த கட்டகம் (பயிற்சிக் கையேடு) மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று கை மாறி வரும்போது, மோர் நீர்மோராகி, கடைசியில் நீராகவே பந்திக்கு வந்து சேருகிறது. ஆனால் கதவு மூடிவிடவில்லை. உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எந்தக் கணக்கில் எவ்விதமாகத் தவறுகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் வழியாக ராணிப்பேட்டையில் உள்ள ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். குறிப்பிட்ட தேவையோடு வரும் பள்ளியை அங்குள்ள விரிவுரையாளர்கள் வரவேற்பார்கள். ஆசிரியர் தம் வகுப்பறைச் சிக்கலைத் தாமே ஆராயும் செயலாராய்ச்சிக்கும் அதுவே நல்ல தலைப்பாகும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு முன்னுதாரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எம்.பி.விஜயகுமார் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளை முன்னிட்டு, மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளி முறையை நேரில் அறிந்துகொள்ளும் முயற்சி நடந்தது. பின்னர் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றலுக்கு அதுவே வித்து. அம்முறையின் நிறைகுறைகளைப் பற்றி இன்றும் வாதிடலாம். ஆனால் ஒரு நல்ல வகுப்பறையில் போய் அமர்ந்து பார்த்தவருக்குக் கிடைக்கும் தெளிவு எந்தக் கட்டகத்திலும் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சைக் குறைத்து, பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை மேசையில் பரப்பச் சொல்லுங்கள். அப்படி ஒரு கூட்டத்தில், 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய நோட்டுகள் வரிசையாகக் கிடைத்தன. கவனக்குறைவு என்றுதான் முதலில் பேசினார்கள். ஓர் ஆசிரியை மட்டும், உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு ஒரு பையனிடம் கொடுத்துக் கழிக்கச் சொன்னார். அவன் தனியாக இருந்த இரண்டு குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைப் பிரிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இரண்டில் ஏழு போகாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கடன் வாங்குதல் என்று நாம் கரும்பலகையில் சொல்லிக்கொடுப்பது அவன் வரையில் வெறும் மந்திரமாகவே இருந்திருக்கிறது. அன்று அந்த மேசையைச் சுற்றி நடந்ததுதான் பயிற்சி.

பதில் 2: ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர், காட்பாடி

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பெங்களூரில் உள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் நம் மாநில ஆசிரியர்களுக்கும் உரியதே. அங்கேயே தங்கிப் படிக்கும் 30 நாள் சான்றிதழ்ப் படிப்புக்குத் துறையின் வழியாகப் பெயர் பரிந்துரைக்கப்பட வேண்டும். நேரடியாக விண்ணப்பித்துப் பயனில்லை. காட்பாடியிலிருந்து சில மணி நேர ரயில் பயணம்தான் என்றாலும், ஒரு மாதம் வீட்டை விட்டிருக்க இயலாது என்று பலர், குறிப்பாக ஆசிரியைகள், பெயர் கொடுக்கவே தயங்குகிறார்கள். விருப்பமுள்ளவர் உங்கள் பள்ளியில் இருந்தால், சுற்றறிக்கை வரும்வரை காத்திராமல் வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அறிவியல் ஆசிரியர்களுக்குச் சத்துவாச்சாரியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலாவாக அழைத்துச் செல்வதற்கு முன் ஆசிரியர்கள் தனியே ஒரு முறை சென்று, எந்தக் காட்சிப்பொருள் எந்தப் பாடத்துக்கு உதவும் என்று குறித்து வந்தால், பயணம் வேடிக்கையாக முடியாது.

கட்டணச் சான்றிதழைப் பற்றிக் கேட்டீர்கள். வாங்க வேண்டாம். மத்திய அரசின் இணையத் தளங்களான தீக்ஷாவில் நிஷ்தா என்னும் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களும், ஸ்வயத்தில் கல்வியியல் பாடங்களும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஸ்வயத்தில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டுமே கட்டணம் உண்டு. உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வே 2020இல் நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், ஒரு வாரச் சான்றிதழ் பணிப்பதிவேட்டில் எந்த மாற்றத்தையும் செய்துவிடப் போவதில்லை.

பதில் 3: உதவிபெறும் பள்ளித் தலைமையாசிரியர், ஆற்காடு

நிர்வாகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அதை எவரும் முறையாகக் கற்றுத் தருவதில்லை. நேற்று வரை வகுப்பெடுத்தவரின் கையில் இன்று ரொக்கப் பதிவேடும் காசோலைப் புத்தகமும் வந்து சேருகின்றன. புதுதில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் பள்ளித் தலைமைத்துவ மையம் தலைமையாசிரியர்களுக்கென்றே இணையவழிப் பாடம் நடத்துகிறது, கட்டணமில்லை. சக ஆசிரியரை வழிநடத்துவது, பள்ளியின் நிலையைத் தாமே மதிப்பிடுவது ஆகியவற்றுக்கு அது ஏற்றது. ஆனால் பயணப்படிப் பட்டியலை எப்படித் தயாரிப்பது, தணிக்கையில் எதைக் கேட்பார்கள் என்பவற்றை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றுக்கு, பக்கத்து ஒன்றியத்தில் பல ஆண்டுகள் தணிக்கைத் தடையின்றிப் பள்ளியை நடத்திய தலைமையாசிரியர் ஒருவரிடம் ஒரு சனிக்கிழமை பதிவேடுகளோடு போய் அமருங்கள்.

பள்ளி வளர்ச்சித் திட்டத்துக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளை ஒரு முறை நேராகப் படித்துவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பதும், திட்டத்தைத் தயாரிப்பது குழுவின் பொறுப்பு என்பதும் அதில் தெளிவாக உள்ளன. தலைமையாசிரியரே இரவில் உட்கார்ந்து எழுதிவிட்டுக் கையொப்பம் வாங்கும் வழக்கம் வசதியானதுதான். ஆனால் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சியில் போய்ச் சண்டையிட வேண்டிய தாய்மார்களுக்கு அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போகிறது.

பதில் 4: இடைநிலை ஆசிரியர், அணைக்கட்டு ஒன்றியம்

அனைவரும் நல்லதையே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பணியில் உள்ளவர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கித் தீர்ப்பளித்தது முதல், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் பலருக்கு மாலை நேரம் முழுவதும் அந்தப் படிப்புக்கே போகிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் வினா வங்கியைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, தலைமைத்துவம், செயலாராய்ச்சி என்று யார் பேசினாலும் காதில் ஏறாது. மேலும் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் இணையவழிப் பாடத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே வரும்போது தீக்ஷா செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொண்டுதான் பார்க்க முடிகிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது என்ற பேச்சை எடுத்தாலே, மூத்த ஆசிரியர்கள் அதை ஆய்வு என்று எண்ணி முகம் சுளிக்கிறார்கள். இதை எப்படித் தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ராணிப்பேட்டை

அம்மா, முதலில் உங்கள் வகுப்பைத் திறந்து வையுங்கள். உங்களுக்கே கடினமாக உள்ள ஒரு பாடத்தைத் தேர்ந்து, மூத்த ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் அமரச் சொல்லி, கடைசி இரண்டு வரிசைப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுமாறு கேளுங்கள். அவர் சொன்னதை அடுத்த வாரமே நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு அவர் வகுப்புக்கு நீங்கள் செல்லும்போதும் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுங்கள். ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அந்தக் குறிப்பைப் பார்வைப் பதிவேட்டிலோ துறையின் இணையத் தரவுத்தளமான எமிஸிலோ ஏற்றவும் கூடாது.